நிறுவனமளாவிய உள்ளடக்க முகாமை: சொல் விளக்கம்

கல்முனை, சம்மாந்துறை, மட்டக்களப்பு நகரம் எனக் கிழக்கில் வணிகம் செய்வோரின் மேசைகளுக்கு வரும் மென்பொருள் விலைக்கூறல்களில் 'என்டர்பிரைஸ் கன்டென்ட் மேனேஜ்மென்ட்' என்னும் தொடர் இப்போது அடிக்கடி தென்படுகிறது. சுருக்கமாக ஈ.சி.எம். என்பர். தமிழில் இது பெரும்பாலும் 'நிறுவன உள்ளடக்க மேலாண்மை' என்று பெயர்க்கப்படுகிறது. தனித்தனியே பார்த்தால் மூன்று சொற்களிலும் பிழையில்லை. ஆயினும் தொடரின் உயிரான கருத்து அதில் விடுபட்டுப் போகிறது. அதனால் பொருந்தாத மென்பொருளைப் பணம் கொடுத்து வாங்கும் நிலையும் உண்டாகிறது.

அமெரிக்காவில் 1943இல் தேசிய மைக்ரோபிலிம் சங்கமாகத் தொடங்கிப் பின்னர் ஏ.ஐ.ஐ.எம். எனப் பெயர் மாறிய அமைப்பே, 2000ஆம் ஆண்டளவில் இத்தொடருக்கு வரைவிலக்கணம் தந்து அதைப் பரப்பியது. அதற்கு முன்பே கருவிகள் இருந்தன. 1982இல் தொடங்கிய ஃபைல்நெட் தாள்களைப் படிமங்களாக்கிக் கையாண்டது. 1990இல் தொடங்கிய டாக்குமென்டம் கணினியில் எழுதப்படும் ஆவணங்களைக் கையாண்டது. ஆனால் கணக்குப் பிரிவு ஒரு மென்பொருளையும் கொள்வனவுப் பிரிவு வேறொன்றையும் வைத்திருந்தமையால், ஒரே உடன்படிக்கை இரண்டு இடங்களில் இரண்டு வடிவங்களில் கிடந்தது. பிரிவுகளுக்கு இடையிலான இந்தச் சுவரை நீக்கி, உள்வாங்குதல், முகாமை செய்தல், சேமித்தல், பேணிக் காத்தல், உரியவருக்கு வழங்குதல் ஆகிய ஐந்தையும் ஒரே ஏற்பாட்டின்கீழ்க் கொண்டுவருவதற்கே 'என்டர்பிரைஸ்' என்னும் அடை முன்னால் சேர்க்கப்பட்டது.

பழைய பிரெஞ்சு மொழியில் 'மேற்கொள்ளுதல்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த சொல் அது. நம் நாட்டு அரச ஆவணங்களில் அதற்குத் 'தொழில்முயற்சி' என்று வழங்குகிறோம். சிறிய, நடுத்தரத் தொழில்முயற்சிகளைப் பற்றிப் பேசும்போது அது மிகப் பொருத்தமான சொல். ஆனால் இத்தொடரில் 'என்டர்பிரைஸ்' என்பது, அமைப்பின் எல்லாப் பிரிவுகளையும் தழுவிய பரப்பையே குறிக்கிறது. வானொலிச் செய்தியில் நாள்தோறும் கேட்கும் 'நாடளாவிய' என்னும் சொல் இங்கே வழிகாட்டுகிறது. அளாவுதல் என்பது கலந்து பரவுதல். ஆகவே 'நிறுவனமளாவிய' என்பதே இவ்விடத்தில் சரியான அடை.

'கன்டென்ட்' என்பதற்கு 'ஆவணம்' என்று எழுதலாமே எனச் சிலர் கேட்பர். ஆவணம் பெருமையுடைய சொல். பழைய இலக்கியத்தில் கடைத்தெருவையும் குறித்த அது, 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில் வழக்குக்குரிய சான்றாக வருகிறது. மணப்பந்தலில் முதியவர் கொண்டுவந்த அடிமையோலையைச் சுந்தரர் கிழித்தெறிய, அது படியோலை மட்டுமே என்று கூறிய முதியவர், திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூலவோலையைக் காட்டுகிறார். அவையோரோ அதை எழுதிய, சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தைக் காப்பில் இருந்த வேறோர் ஓலையுடன் ஒப்புநோக்கிய பின்னரே முடிவுக்கு வருகின்றனர். மூலம் எது, படி எது, காப்பில் இருப்பது எது என்னும் அந்த மூன்று கேள்விகளுமே இன்றைய மென்பொருளின் அடிப்படை வேலைகள்.

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். நெல் கொள்வனவுப் பற்றுச்சீட்டின் கார்பன் பிரதி மேசை இழுப்பறையில் இருக்கும். அதன் படம் முதலாளியின் வாட்ஸ்அப்பில் இருக்கும். தொகை திருத்தப்பட்ட எக்செல் கோப்பு கணக்காளரிடம் இருக்கும். விலை பேசிய குரல்பதிவு வேறொருவரின் கைபேசியில் இருக்கும். இவை அனைத்தும் அந்த ஆலையின் உள்ளடக்கம். அவற்றுள் எழுத்து வடிவில் உள்ளவை ஆவணங்கள். இனித் திருத்தக் கூடாது என முடிவு செய்து, குறித்த காலம்வரை பேணப்படுவது பதிவு. உள்ளடக்கம், ஆவணம், பதிவு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பும் விலைக்கூறலை நான் நம்பமாட்டேன்.

'மேனேஜ்மென்ட்' என்பதன் வேர் கையைக் குறிக்கும் இலத்தீன் சொல். கையாளுதல் என்னும் நம் சொல்லும் கையிலிருந்தே பிறக்கிறது. எனினும் இலங்கையில் வேரூன்றிய வழக்கு முகாமைத்துவம். 'மை' விகுதியே பண்பை உணர்த்திவிடுவதால் அதன்மேல் 'த்துவம்' வேண்டியதில்லை, முகாமை போதும். ஆக, 'நிறுவனமளாவிய உள்ளடக்க முகாமை' என்பதே என் பரிந்துரை.

இப்பொருளை மனத்திற்கொண்டு மென்பொருள்களை ஒப்பிட்டால் பல குழப்பங்கள் தாமே நீங்கும். வேர்ட்பிரஸ் இணையத்தளத்தின் உள்ளடக்கத்தைக் கையாளும் கருவி. பெயரில் ஒற்றுமை இருப்பதற்காக அதை இவ்வகையில் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே மைக்ரோசொஃப்ட் 365 பயன்படுத்தும் அலுவலகத்திற்கு 2001இல் வெளிவந்த ஷேர்பொயின்ட் எளிதில் பொருந்தும், ஆனால் கோப்புறைகளைத் திட்டமின்றிப் பெருக்கினால் பழைய குழப்பமே அங்கும் குடியேறும். டாக்குமென்டத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜோன் நியூட்டன் 2005இல் இணைந்து தொடங்கிய அல்ஃப்ரெஸ்கோவுக்குத் திறந்த மூலப் பதிப்பு, அதாவது நிரலை எவரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய பதிப்பு, உண்டு. உரிமக் கட்டணம் குறைந்தாலும் அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் உடனிருக்க வேண்டும். பின்லாந்தின் எம்-ஃபைல்ஸ், கோப்பு எங்கே இருக்கிறது என்பதைவிட அது எத்தகையது என்பதைக் கொண்டே தேடச் செய்கிறது. 2006இல் ஐ.பி.எம். வாங்கிய ஃபைல்நெட்டும் 2017இல் ஓப்பன்டெக்ஸ்ட் கைக்குப் போன டாக்குமென்டமும் பெரும் வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் உரியவை. நமது கூட்டுறவுச் சங்கங்களுக்கு அவை மிகை. 2017இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் இத்தொடரைக் கைவிட்டு 'உள்ளடக்கச் சேவைகள்' என்று வழங்கத் தொடங்கியது. எனவே விலைக்கூறலில் அப்பெயர் இருந்தாலும் இதே இனத்தைச் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

விற்பவர்கள் பெரும்பாலும் பேசாத ஒன்று இங்கே முதன்மையானது. நம் அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கடிதங்களைக் கணினி ஆங்கில எழுத்துகளின் வரிசையாகவே காண்கிறது. இன்று பொதுவாக வழங்கும் குறிமுறையான யுனிகோட்டில் 'காணி உறுதி' என்று தேடினால் அவற்றுள் ஒன்றும் அகப்படாது. தாளிலிருந்து வருடியெடுத்த படிமத்தையும் படத்தில் உள்ள எழுத்தை இனங்காணும் மென்பொருளான தமிழ் எழுத்துணரி இல்லாமல் தேட இயலாது. ஆகையால் பழைய பாமினிக் கடிதம் ஒன்றையும், வருடியெடுத்த உறுதி ஒன்றையும் விற்பவரிடம் கொடுத்து, உங்கள் கண்முன்னே தமிழில் தேடிக் காட்டச் சொல்லுங்கள். அதன் பின்னர் விலையைப் பேசுங்கள்.