ஒடிந்த இறகுக்கு மாற்று இறகு

சிறகெலும்பு முறிந்த கழுகை, எலும்பு கூடிய பிறகும் ஏன் உடனே பறக்கவிடுவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சரியாகப் பொருத்திக் கட்டினால் பறவையின் எலும்பு பெரும்பாலும் சில வாரங்களில் கூடிவிடும். மூட்டு இறுகாமலிருக்கவும் தசை வலுப்பெறவும் தரும் பயிற்சிகளுக்கும் நாள் பிடிக்கும். ஆனால், பெருந்தாமதம் பல நேரங்களில் இறகுகளால்தான் நேர்கிறது.

வளரும் இறகினுள் குருதி ஓடும். வளர்ச்சி முடிந்ததும் குருதி வற்றி, கெரட்டின் புரதத்தாலான உயிரற்ற தண்டே எஞ்சும். நகத்தைப் போல அது அடியிலிருந்து மீண்டும் நீள்வதில்லை. ஒடிந்தால் அடுத்த இறகுதிர்ப்புவரை காத்திருக்க வேண்டும். பெரிய கழுகுகள் பறப்பிறகுகள் அனைத்தையும் மாற்றிக்கொள்ள ஓராண்டுக்கும் மேலாகும். எஞ்சிய அடியைப் பிடுங்கினாலோ, இறகு முளைக்கும் குழியே சேதமடைந்து, பின்னர் கோணலாக முளைக்கலாம் அல்லது முளைக்காமலே போகலாம்.

உயிரற்றிருப்பதே இங்கு பெரும் உதவியாகிறது என்பதுதான் என்னை மிகவும் வியக்கவைக்கிறது. வேறொரு பறவை உதிர்த்த இறகைப் பொருத்தினாலும் உடல் அதை அந்நியமென்று எதிர்ப்பதில்லை. வேட்டைப்பறவை வளர்ப்போர் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டுவரும் இம்முறைக்கு இம்ப்பிங் என்று பெயர். பறவையை மயக்கத்தில் கிடத்தி, ஒடிந்த தண்டைச் சீராக வெட்டி, மூங்கிலாலோ கார்பன் இழையாலோ செதுக்கிய மெல்லிய குச்சியின் ஒரு பாதியை மாற்றிறகின் தண்டிலும் மறுபாதியைப் பறவையின் உடலிலுள்ள உள்ளீடற்ற அடித்தண்டிலும் செருகிப் பசையால் ஒட்டுவார்கள். இறகு சுழன்றுவிடாதிருக்கச் சிலர் குச்சியை முப்பட்டையாகச் செதுக்குவதும் உண்டு. அடுத்த இறகுதிர்ப்பில், கீழிருந்து முளைக்கும் புதிய இறகு அடித்தண்டையும் ஒட்டிய இறகையும் சேர்த்தே வெளியே தள்ளிவிடும்.

கிடைத்த இறகையெல்லாம் மாற்றிறகாகப் பொருத்திவிட முடியாது. காற்றை எதிர்கொள்ளும் ஓரம் குறுகியும் பின்னோரம் அகன்றும் இருப்பதால் இடச்சிறகின் இறகு வலச்சிறகுக்குப் பொருந்தாது. இனம், வயது, சிறகில் இறகின் வரிசை எண் ஆகியவையும் ஒத்திருக்க வேண்டும். ஆந்தைக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும்: முன்னோரத்தின் சீப்புப்பற்களும் மேற்பரப்பின் மென்துய்யும் தேய்ந்திருந்தால் சிறகடிப்பின் ஓசை எழும், செவியால் இரை தேடும் ஆந்தைக்கு அது பெருந்தடை.

ஆகவே, உதிர்ந்த இறகுகளையும் பிழைக்காத பறவைகளின் இறகுகளையும் வரிசை எண் குறித்துச் சேமிக்கும் இறகு வங்கிகளுக்கு, அறுவைக் கருவிகளுக்கு நிகராக நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொருத்தமான இறகு கையிருப்பில் இல்லையென்றால், எலும்பு கூடிய பறவையும் மாதக்கணக்கில் கூண்டிலேயே கிடக்க நேரிடும். அதற்குள் அடைபட்ட அழுத்தத்தில் கம்பிகளில் மோதி நல்ல இறகுகளையும் ஒடித்துக்கொள்ளும்.