சிவப்பு பூசிய அடிகுழாயும் இதயமும்

வங்கதேசக் கிராமங்களில் சில அடிகுழாய்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசினார்கள், சிலவற்றுக்குப் பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் தண்ணீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு அளவுக்கு மேல் இருக்கிறது. சிவப்புக் குழாய் என்றதும் தோலில் தோன்றும் கரும்புள்ளிகளும் புற்றுநோயும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே தண்ணீர் இதயத்தையும் கொல்கிறது.

குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்துகொண்டிருந்த நாட்டில், 1970களில் யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் உதவியோடு ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நல்லெண்ணத்தில் செய்த வேலை. ஆனால் இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டலில், இரும்புத் துகள்களோடு ஆர்செனிக்கும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. காற்றுப் புகாத அடிமண்ணில் நுண்ணுயிரிகள் அந்த இரும்பைக் கரைக்கின்றன. ஆர்செனிக் விடுபட்டு நீரில் கலக்கிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. வங்கதேசத்தில் இது உறுதிப்பட 1993 ஆகிவிட்டது.

இது இதயத்தை எப்படித் தொடுகிறது? ரத்தக் குழாயின் உட்புறத்தை ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம் போர்த்தியிருக்கிறது. அது ஓயாமல் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டாமல் காக்கிறது. ஆர்செனிக் அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. படலத்தில் அழற்சியை மூட்டுகிறது. வழுவழுப்பாக இருந்த இடம் பசைபோல் ஆகிவிட, வெள்ளணுக்கள் வந்து ஒட்டுகின்றன, பின்னாலேயே கொழுப்பும் உள்ளே நுழைகிறது. ஆண்டுக்கணக்கில் திரண்ட அந்தப் படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு.

டாக்காவுக்கு அருகிலுள்ள ஆராய்ஹசார் பகுதியில் 2000 முதல் 11,000க்கும் மேற்பட்டவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். 2011இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: குடிநீரில் ஆர்செனிக் கூடக்கூட, இதய நோயால் இறப்பதும் கூடியது. புகைபிடிப்பவர்களிடம் இரண்டு நஞ்சுகளும் கைகோத்துக்கொண்டன. தனித்தனியாகச் செய்யும் கேட்டைக் கூட்டினால் வருவதைவிட அதிகமான கேடு. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்க, வங்கதேசத்தின் வரம்பு 50 என்பது என் மனத்தை அரிக்கிறது.

'வாழ்க்கைமுறை நோய்' என்று இதய நோயைச் சொல்லும்போது எனக்கு உறுத்துவதும் இதனால்தான். கொழுப்பு, சிகரெட், ரத்தக் கொதிப்பு என்று நாம் ஒப்பிக்கும் பட்டியல், 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. அது பொய்யில்லை. வங்கதேசத்திலும் பீடியும், வெற்றிலையோடு மெல்லும் ஜர்தா புகையிலையும், சர்க்கரை நோயும் உயிரை வாங்குகின்றன. ஆனால் சணல் குச்சியும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் அமர்ந்து சமைக்கும் பெண், பீடியைத் தொடாமலே நுண்துகளை நுரையீரல் வழியாக ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறாள். எந்த வாழ்க்கைமுறையை அவள் தேர்ந்தெடுத்தாள்?

உப்பும் அப்படித்தான். நம் பழைய சோற்றைப் போன்ற பாந்தா பாத்தை அங்கே உப்பும் பச்சை மிளகாயும் வைத்துச் சாப்பிடுவார்கள். உப்பு கூடினால் சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கிறது. ரத்தத்தின் கன அளவு உயர்ந்து, குழாய்மீது அழுத்தம் ஏறுகிறது. தட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லலாம். ஆனால் குல்னா, சாத்கிரா போன்ற கடலோர மாவட்டங்களில் குடிதண்ணீரிலேயே உப்பு ஏறிவிட்டது. 2009இல் அய்லா புயல் கடலை ஊருக்குள் கொண்டுவந்தது. இறால் பண்ணைகளும் உப்புநீரைத் தேக்கின.

மஞ்சளின் கதை இன்னும் வேதனையானது. 1980களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிய மஞ்சள் கிழங்குக்கு மெருகேற்ற லெட் குரோமேட் என்ற சாயத்தைப் பூசத் தொடங்கி, அது வழக்கமாகிவிட்டது. அதிலுள்ள ஈயம் ரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஆய்வாளர்கள் இதை வெளிக்கொணர்ந்த 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு எச்சரிக்கை விளம்பரம் செய்து, மொத்த வியாபாரச் சந்தைகளில் சோதனை நடத்தி, அபராதம் விதித்தது. 2021இல் அந்த 47 சதவீதம் பூஜ்யமானது. எந்த நோயாளியும் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

தண்ணீரிலும் இது நடக்கும். சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரத்துக் குடிநீரில் 1958 முதல் 1970 வரை ஆர்செனிக் மிக அதிகமாக இருந்தது. அந்த ஆண்டுகளில் மாரடைப்புச் சாவுகள் எகிறின; சுத்திகரிப்பு நிலையம் வந்தபின் குறையத் தொடங்கின. வங்கதேசத்தில் 150 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் நல்ல நீரே கிடைக்கிறது. அவ்வளவு ஆழத்துக்குக் குழாய் இறக்க ஒரு குடும்பத்தால் முடியாது. ஊருக்குப் பொதுவாக அரசால் முடியும்.