நானோ பொடி போட்டால் குரோமியம் காணாமல் போகாது

இந்த வருடத்தில் இது மூன்றாவது பட்டறை. "கழிவுத் தண்ணியில நானோ பொடி போடுறோம் சார், கண்ணாடி மாதிரி வருது" என்று குரோம் பிளேட்டிங் முதலாளி தம்ளரில் பிடித்துக் காட்டினார். மிக நுண்ணிய இரும்புத் துகள்தான் அந்தப் பொடி. கொஞ்சம் அமிலம் சேர்த்து குரோமியத்தைக் காட்டிக்கொடுக்கும் டைபினைல்கார்பசைடு திரவம் இரண்டு சொட்டு விட்டேன். உடனே ஊதா. ஹெக்சாவேலண்ட் குரோமியம் (ஆறு இணைதிறன் கொண்ட, நச்சு அதிகமான வடிவம்) அப்படியே இருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தாலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நீர்நிலையில் விட அனுமதி 0.1தான்.

பொடி டப்பாவைத் திறந்தேன். துருப் பழுப்பு. நல்ல நானோ இரும்பு கறுப்பாக இருக்கும். காற்றுப் பட்டதுமே பொடியின் பாதி வீரியம் போய்விட்டது. (நன்றாக உலர்ந்த புதுப் பொடி தீப்பிடிக்கவும் செய்யும். கரண்டியால் அள்ளிப் போடாதீர்கள்.)

எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் ஒன்று: உலோகத்தை அழிக்க முடியாது. சாயத்தை உடைக்கலாம், சாக்கடை அழுக்கை நுண்ணுயிர்கள் தின்னும். குரோமியம் ஒரு தனிமம். நானோ இரும்பு அதை ஆறிலிருந்து மூன்று இணைதிறனுக்கு இறக்கித் தன்னோடு பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். தண்ணீரில் இருந்த ஒரு கிலோ, இப்போது சேற்றில் ஒரு கிலோ. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்கியதும் இதே உலோகம்தான்.

ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் பிரதீப் குழு உருவாக்கிய நானோ ஆர்சனிக் வடிகட்டியைப் பலரும் உதாரணம் காட்டுகிறார்கள். அருமையான வேலை. ஆனால் அது மைக்ரோகிராம் கணக்கில் ஆர்சனிக் உள்ள குடிநீருக்கானது. பிளேட்டிங் முடிந்த பொருளை அலசும் உங்கள் ரின்ஸ் தொட்டியில் இருப்பது மில்லிகிராம் கணக்கு.

முதலில் அமிலம் சேர்த்து பிஎச் 2-3க்கு இறக்கி, ஆறை மூன்றாக்க பைசல்பைட் போடுங்கள். அப்புறம் சுண்ணாம்பால் 8-8.5க்கு ஏற்றிச் சேற்றைப் படியவிடுங்கள். நானோ வேண்டுமானால் கடைசி மிச்சத்துக்கு மட்டும். சேறும் தீர்ந்த பொடியும் அபாயக் கழிவு; 90 நாளுக்கு மேல் வைத்திருக்காமல் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புங்கள். செலவுதான், தெரியும். தயவுசெய்து அனுப்புங்கள்.

அந்தப் பட்டறையில் சேறு, சிமெண்ட் சாக்குகளில் வேப்பமரத்தடியில் கிடந்தது. பத்தடியில் போர்வெல். வாட்ச்மேன் வீட்டில் அந்தத் தண்ணீரில்தான் உலை வைக்கிறார்கள். ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும்வரை அவர்களுக்குக் கேன் தண்ணீர் வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.