கன்விக்ட் வார்டர்: ‘கைதிக் காவலர்’ அல்லர், கங்காணிக் கைதி

ஆங்கிலேயர் காலத்துச் சிறைகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘கன்விக்ட் வார்டர்’ என்னும் பதவிப்பெயரைக் கண்டதும் ‘கைதிக் காவலர்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பலமுறை படித்துச் சலித்த பிறகே இதை எழுதுகிறேன்.

‘கன்விக்ட்’ இலத்தீன் வழிச்சொல். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர் என்று பொருள். ‘வார்டர்’ பழைய பிரெஞ்சு வழியே வந்தது. ‘கார்டு’ என்பதும் அதே வேரில் முளைத்ததுதான். சொற்பிறப்புக்கு இவ்வளவு போதும்.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால் செலவு கூடும் என்பதால், கைதிகளை மேய்க்கக் கைதிகளையே நிறுத்தியது வெள்ளை அரசு. நன்னடத்தை காட்டிய தண்டனைக் கைதி முதலில் கொட்டடிக்குள் இராக்காவல் பார்ப்பான். பிறகு வேலைக்கூட்டத்தை மேற்பார்ப்பான். அதற்கும் மேற்படியே கன்விக்ட் வார்டர். தலை எண்ணுவதும், செக்கடியிலும் கல்லுடைப்பிலும் அன்றைய அளவு முடிந்ததா என்று பார்ப்பதும், முடிக்காதவனைப் பற்றி மேலே சொல்வதும் இவர்களிடம் விடப்பட்டன. இதற்குக் கிடைத்த கூலி, தண்டனைக் காலத்தில் கூடுதல் கழிவு.

இப்போது ‘கைதிக் காவலர்’ என்னும் தொடரைப் பாருங்கள். எல்லைக் காவலர் எல்லையைக் காப்பவர்; வனக் காவலர் வனத்தைக் காப்பவர். இப்படிப் பழகிய கண், கைதிக் காவலரையும் கைதிகளைக் காக்கும் சம்பளக்காரர் என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாகவே விரித்துக்கொள்ளும். கைதியாகிய காவலர் என்று இருபெயரொட்டுப் பண்புத்தொகையாகவும் விரிக்கலாம் என்று மொழிபெயர்ப்பாளர் வாதிடலாம். இலக்கணம் இடம் கொடுக்கும், வாசகர் கொடுக்கமாட்டார். வலி மிகுவதும் இங்கே கைகொடுக்காது. இரண்டு வகையிலும் விரியும் ஒரு தொடரில் அந்த ‘க்’ எதைத்தான் தெளிவாக்கும்? சிலர் எழுதும் ‘குற்றவாளிக் காவலர்’ இன்னும் மோசம். இலஞ்சம் வாங்கிப் பிடிபட்ட போலீஸ்காரரைத்தான் அது நினைவூட்டுகிறது. மேலும், ‘கைதி’ என்று மட்டும் சொன்னால் விசாரணைக் கைதியும் அதில் அடங்குவார்; கன்விக்ட் என்பவரோ தண்டனை பெற்றவர் மட்டுமே.

1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம், 23ஆம் பிரிவில், இவ்வாறு சிறை அலுவலராக்கப்பட்ட கைதிகளைப் பொது ஊழியராகக் கொள்ளவேண்டும் என்கிறது. ஆகவே ‘காவலர்’ என்று முடிப்பதே முறை என்பது இன்னொரு வாதம். கொள்ளவேண்டும் என்று சட்டம் சொல்லவேண்டி வந்ததே, இயல்பில் அவர் அப்படி இல்லை என்பதால்தானே? பகலெல்லாம் அதிகாரம் செய்தாலும் தன் தண்டனைக் காலம் முடியும்வரை அவருக்கும் வெளியே வழி கிடையாது. அவருடைய அதிகாரம் ஒட்டவைத்தது. கைதி நிலையே அடிப்படை. தமிழ்த் தொகையில் அடிப்படைப் பொருள் கடைசிச் சொல்லில் நிற்கவேண்டும். ஆகவே ‘கங்காணிக் கைதி’ என்கிறேன்.

கங்காணி, கண்காணி என்பதன் மரூஉ. அது தோட்டத்துச் சொல் ஆயிற்றே என்பார்கள். அதற்காகவேதான் அதை எடுக்கிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் கூலிகளின் இனத்தவனாகவே இருந்துகொண்டு துரைக்காக அவர்களை ஆண்டவன் கங்காணி. சிறையில் நடந்த ஏற்பாட்டுக்கும் சாயல் அதுவே. ‘கைதி’ அரபியிலிருந்து வந்ததாயிற்றே என்று முகம் சுளிப்போர் ‘சிறையாளி’ என்று மாற்றிக்கொள்ளட்டும், எனக்குத் தடையில்லை. தூய்மையைவிடத் தெளிவே எனக்கு முக்கியம். படிநிலையைப் பிரித்துக் காட்டவேண்டிய இடத்தில் ‘வார்டர் கைதி’ என்றும் ‘இராக்காவல் கைதி’ என்றும் எழுதலாம். வார்டர் என்பது சிறைக்குள் எப்போதோ தமிழாகிவிட்டது.

இதைவிட எரிச்சலூட்டுவது ‘டிண்டால்’ என்னும் இன்னொரு சிறைப் பதவிப்பெயர். 1825இல் சுமத்ராவில் ஆங்கிலேயர் வசமிருந்த பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு இந்தியக் கைதிகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தவரும் அங்கே பலர் இருந்தனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் எழுந்தது இந்தியக் கைதிகளின் உழைப்பில்தான். சிங்கப்பூரிலும் பின்னர் அந்தமானிலும் கங்காணிக் கைதிகளின் ஒரு படிக்கு ஆங்கில ஏடுகள் இட்ட பெயர்தான் டிண்டால். மூலம் நம் கடற்கரையின் ‘தண்டல்’. தூத்துக்குடித் தோணியை நடத்துபவருக்கு இன்றும் அதுவே பெயர். லஸ்கர் எனப்பட்ட கப்பல் கூலியாட்களின் கூட்டத் தலைவனுக்கு வழங்கியதை வெள்ளையர் சிறைக்குள் கொண்டுபோனார்கள். அதை ஆங்கில எழுத்துக்கூட்டிலிருந்து ஒலிபெயர்த்து, டகரத்தில் தொடங்கும் வேற்றுச்சொல்லாக்கி, அடிக்குறிப்பில் ‘ஒரு வகைச் சிறை அதிகாரி’ என்று வேறு விளக்குகிறார்கள். வரி தண்டுவதோடு குழம்பும் என்று அஞ்சினால் ‘தண்டல் கைதி’ என்று எழுதிவிட்டுப் போகலாம், அடிக்குறிப்பும் மிச்சம்.