சென்சார் சொல்லும் 85 டிகிரி

அறை இதமாக இருக்கிறது. சுற்றில் மாட்டியிருக்கும் சென்சார் மட்டும் 85 டிகிரி செல்சியஸ் என்கிறது. டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலைச் சென்சாரோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்த எண் நன்றாகப் பழக்கம். சிப் பழுதாகவில்லை, வயரும் சரிதான். மின்சாரம் வந்ததும் அந்தச் சிப் தன் வெப்பநிலை ரெஜிஸ்டரில், அதாவது அந்த எண்ணை வைத்திருக்கும் சின்ன நினைவிடத்தில், தானாகவே போட்டுக்கொள்ளும் எண் அது. அளக்கச் சொல்லாமல் படித்தாலும், அளந்து முடிவதற்குள் அவசரப்பட்டுப் படித்தாலும் அதுதான் கைக்கு வரும்.

டிஜிட்டல் வெப்பநிலைச் சென்சார்களில் கவனமாக இருக்க வேண்டிய இடமே இதுதான். "இன்னும் அளக்கவில்லை" என்று சொல்ல அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழி கிடையாது. எப்போது கேட்டாலும் ஏதாவது ஓர் எண் வரும், அதுவும் பார்த்தால் வெப்பநிலை போலவே இருக்கும். அதனால் சென்சாரை அமைப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. எப்படி அளக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஒன்று. வந்த எண் நிஜமாகவே அளந்த எண்தானா என்று தெரிந்துகொள்ள ஏற்பாடு செய்வது இன்னொன்று. முதல் வேலையை லைப்ரரியே, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பே, செய்து கொடுத்துவிடும். இரண்டாவதைப் பலர் தொடுவதே இல்லை.

முதலில், சிப்புக்குள் என்ன நடக்கிறது? சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்றில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதன் பேஸ், எமிட்டர் என்ற இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் குறையும். இதை அப்படியே வெப்பமானியாக்கலாம். ஆனால் அந்த மின்னழுத்தம் சிப்புக்குச் சிப் கொஞ்சம் மாறும். இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. ஒரே டிரான்சிஸ்டரில் முதலில் ஒரு மின்னோட்டம், அடுத்து அதைப் போல் பத்து மடங்கு. இரண்டு மின்னழுத்தங்களையும் கழித்தால் டிரான்சிஸ்டரின் தனிக் குணமெல்லாம் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சும் வித்தியாசம் போல்ட்ஸ்மேன் மாறிலி, எலெக்ட்ரானின் மின்னூட்டம், மின்னோட்டங்களின் விகிதம், கெல்வினில் வெப்பநிலை ஆகியவற்றை மட்டுமே பொறுத்தது. பத்து மடங்கு விகிதத்துக்கு அது கெல்வினுக்குச் சுமார் 198 மைக்ரோவோல்ட். 300 கெல்வினில், அதாவது 27 டிகிரிக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 59.5 மில்லிவோல்ட். இந்தச் சின்ன வித்தியாசத்தைச் சிப்புக்குள்ளேயே எண்ணாக மாற்றிவிடுவதால்தான் வெளியே நீளமான வயரில் அனலாக் இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இன்றைய சிலிக்கான் சென்சார்களில் பெரும்பாலானவை இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

சரி, இனி அந்த எண்ணை வெளியே எடுக்க வேண்டும். டிஎஸ்18பி20 பேசுவது ஒன்-வயர் என்ற முறையில். டல்லஸ் செமிகண்டக்டர் உருவாக்கிய முறை இது; அந்த நிறுவனம் பிறகு மேக்சிமின் கைக்கும், அங்கிருந்து அனலாக் டிவைசஸின் கைக்கும் போனது. டேட்டாவுக்கு ஒரே கம்பி. அதை 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று மேலே இழுத்துப் பிடித்திருக்கும். யார் பேசினாலும் கம்பியைக் கீழே இழுக்க மட்டுமே முடியும். சென்சாரைப் படிக்கும் சின்னக் கணினியான மைக்ரோகன்ட்ரோலர் குறைந்தது 480 மைக்ரோ வினாடி கம்பியைத் தாழ்த்தி விட்டுவிட வேண்டும். உயிரோடிருக்கும் சென்சார் 15 முதல் 60 மைக்ரோ வினாடிக்குள், தான் இருப்பதைக் காட்டக் கம்பியைத் தானும் ஒருமுறை தாழ்த்தும். அதன் பிறகு ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நேரத் துண்டு. படிக்கும்போது, துண்டு தொடங்கிய 15 மைக்ரோ வினாடிக்குள் கம்பியின் நிலையைப் பார்த்துவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஓர் இன்டரப்ட், அதாவது ஓடும் நிரலை நிறுத்தி வைக்கும் வேறொரு அவசர வேலை, குறுக்கே வந்தால் பிட் தப்பாகும். அதற்காக முழு உரையாடலுக்கும் இன்டரப்டுகளை அணைத்துப் போடுவது முரட்டுத்தனம். ஒவ்வொரு பிட்டின் அந்தச் சில மைக்ரோ வினாடிகளுக்கு மட்டும் அணைத்தால் போதும்.

அமைப்பு என்று பார்த்தால் இந்தச் சிப்பில் மாற்றக்கூடியது மிகக் கொஞ்சம். ஸ்க்ராட்ச்பேட் என்ற ஒன்பது பைட் நினைவகம் இருக்கிறது. முதல் இரண்டு பைட் வெப்பநிலை. அடுத்த இரண்டு மேல், கீழ் எச்சரிக்கை எல்லைகள். ஐந்தாவது அமைப்பு ரெஜிஸ்டர். அப்புறம் மூன்று ஒதுக்கப்பட்ட பைட்டுகள், கடைசியில் பிழை பார்க்கும் சிஆர்சி. அமைப்பு ரெஜிஸ்டரில் நம் வசம் இருப்பவை இரண்டே பிட். அவை ரெசல்யூஷனை, அதாவது படி எவ்வளவு நுண்ணியது என்பதை, தீர்மானிக்கின்றன: 9 பிட் என்றால் 0.5 டிகிரிப் படிகள், அளக்க அதிகபட்சம் 93.75 மில்லி வினாடி. ஒவ்வொரு பிட் கூடும்போதும் படி பாதியாகும், நேரம் இரட்டிக்கும். 12 பிட்டில் 0.0625 டிகிரி, 750 மில்லி வினாடி. தொழிற்சாலையிலிருந்து வருவது 12 பிட் அமைப்போடு.

எழுதும் கட்டளை எல்லைகள் இரண்டு, அமைப்பு ஒன்று என மூன்று பைட்டையும் ஒன்றாகவே எதிர்பார்க்கும். ரெசல்யூஷனை மட்டும் மாற்ற நினைத்து எல்லைகளில் பூஜ்யத்தைப் போட்டால், எச்சரிக்கை வசதியைப் பயன்படுத்தும் வேறு நிரல் பகுதி திண்டாடும். எழுதியது ஸ்க்ராட்ச்பேடில்தான் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. அது சிலேட்டில் எழுதியது போல, மின்சாரம் போனால் அழிந்துவிடும். நிலைக்க வேண்டுமென்றால் மின்சாரம் போனாலும் அழியாத இஇப்ராம் நினைவகத்துக்கு நகலெடுக்கும் கட்டளையைத் தனியாகக் கொடுத்து 10 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். இஇப்ராமுக்கு ஆயுள் உண்டு, தயாரிப்பாளரின் டேட்டாஷீட் உறுதி சொல்வது 50,000 முறை எழுதுவதற்கு. ஒவ்வொரு அளவீட்டுக்கும் நகலெடுக்கும் நிரல், 12 பிட் வேகத்தில் அரை நாளுக்குள் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும்.

இந்த இரண்டு நினைவகங்களின் வித்தியாசத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். எச்சரிக்கை எல்லைகள் தேவையில்லை என்றால், அந்த இரண்டு பைட்டுகளில் இஇப்ராமில் இருப்பதிலிருந்து வேறுபட்ட ஓர் அடையாளத்தை எழுதுங்கள், ஆனால் நகலெடுக்காதீர்கள். சிப் நடுவில் மின்சாரம் இழந்து மீண்டும் எழுந்தால் ஸ்க்ராட்ச்பேடில் இஇப்ராமின் பழைய மதிப்புகள் வந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு முறை ஒன்பது பைட்டையும் படிக்கும்போது அடையாளம் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். காணவில்லை என்றால் சிப் ரீசெட் ஆகியிருக்கிறது, அந்த 85 பொய். அடையாளம் இருந்து, அளவீடும் முழுதாக முடிந்திருந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள், அது நிஜமான 85.

சிப் ஏன் நடுவில் ரீசெட் ஆக வேண்டும்? பெரும்பாலும் பேரசைட் பவர்தான் காரணம். தனி மின்கம்பி இல்லாமல் டேட்டா கம்பியிலிருந்தே மின்சாரம் உறிஞ்சி இந்தச் சென்சாரால் வாழ முடியும். சும்மா இருக்கும்போது அதற்கு வேண்டியது 1 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. அளக்கும்போது 1.5 மில்லி ஆம்பியர் வரை கேட்கும். 4.7 கிலோ ஓம் வழியாக 1.5 மில்லி ஆம்பியர் போக வேண்டுமென்றால் ரெசிஸ்டரிலேயே 7 வோல்ட் விழ வேண்டும். இருப்பதே 5 வோல்ட், அல்லது 3.3. கணக்கு ஒத்துவராது. அதனால் அளக்கும் கட்டளை கொடுத்த 10 மைக்ரோ வினாடிக்குள், ஒரு டிரான்சிஸ்டர் வழியாகக் கம்பியை நேரடியாக மின்வழங்கியோடு இணைத்து, முழு நேரமும் அப்படியே பிடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கம்பியில் வேறு எதுவும் பேச முடியாது. மூன்றாவது கம்பி இழுக்க இடமிருந்தால் இழுத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. மூன்று கம்பி இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு: அளந்துகொண்டிருக்கும்போது பிட் கேட்டால் 0 வரும், முடிந்ததும் 1 வரும். குருட்டுத்தனமாக 750 மில்லி வினாடி காத்திருக்க வேண்டாம்.

எண் வந்தாயிற்று. ஒரு படி 1/16 டிகிரி என்பதால், 401 வந்தால் 16-ஆல் வகுத்து 25.0625 டிகிரி. உறைநிலைக்குக் கீழே போகும்போதுதான் பழைய தவறு தலைகாட்டும். மைனஸ் அரை டிகிரி என்பது 16 பிட்டில் மைனஸ் 8. இரண்டு பைட்டைச் சேர்த்துக் குறியில்லாத எண்ணாக எடுத்துக்கொண்டால் அது 65528, வகுத்தால் 4095.5 டிகிரி. இதில் வேடிக்கை, ஒரே நிரல் 8 பிட் ஏவிஆர் வகை மைக்ரோகன்ட்ரோலரில் சரியாக ஓடி 32 பிட் ஆர்ம் வகையில் தவறும். முன்னதில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட்தான், மேல் பிட் தானாகவே குறியாகிவிடும். பின்னதில் 32 பிட், அந்த மேல் பிட் வெறும் இன்னொரு பிட். சேர்த்ததும் 16 பிட் குறியுள்ள வகைக்கு மாற்றிவிட்டால் எங்கேயும் பிரச்சினை இல்லை. 9 பிட் ரெசல்யூஷனில் கடைசி மூன்று பிட்டுகளுக்கு அர்த்தமில்லை, அவற்றை நீங்களே பூஜ்யமாக்க வேண்டும்.

சிஆர்சியைப் பார்க்காமல் எண்ணை நம்பக்கூடாது. பார்த்தாலும் ஒரு ஓட்டை உண்டு. டேட்டா கம்பி சுற்றின் தரை இணைப்போடு (கிரவுண்ட்) ஷார்ட் ஆகிவிட்டதாக வையுங்கள். கம்பி தாழ்ந்தே கிடப்பதால், அவசரமாக எழுதிய நிரல் அதைச் சென்சாரின் இருப்பு அறிவிப்பாக எடுத்துக்கொள்ளும். படிக்கும் பிட்டெல்லாம் 0. எட்டுப் பூஜ்ய பைட்டுகளுக்கு இந்த சிஆர்சி முறையில் விடையும் பூஜ்யம், ஒன்பதாவது பைட்டும் பூஜ்யம். சோதனை பாஸ், வெப்பநிலை 0 டிகிரி! குளிர்பெட்டியைக் கண்காணிக்கும் கருவியில் இது ஆபத்தான பொய். தடுக்க ஒரே வரி போதும்: அமைப்பு பைட்டின் கடைசி ஐந்து பிட்டுகள் எப்போதும் 1. அந்த பைட் பூஜ்யமாக இருந்தால் பேசியது சென்சார் இல்லை.

ஒரே கம்பியில் பல சென்சார் தொங்கலாம். ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே பதித்த 64 பிட் அடையாள எண் இருக்கிறது. எல்லோரையும் ஒன்றாக அளக்கச் சொல்லிவிட்டு, தனித்தனியாகப் பெயர் சொல்லிப் படிக்கலாம். பெயர் சொல்லாமல் படித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். மேசையில் ஒரு சென்சாரோடு ஓடிய நிரல் இரண்டாவதை மாட்டியதும் கவிழ்வது இதனால்தான்.

இன்னொரு பெரிய குடும்பம் ஐ2சி பஸ் என்ற பொது இணைப்பில் பேசும் எல்எம்75-ம் அதன் வாரிசுகளும். இங்கே டேட்டாவுக்கு ஒரு கம்பி, கிளாக்குக்கு ஒரு கம்பி. நேரக் கணக்கின் தலைவலி இல்லை. தலைவலி முகவரியில். எல்எம்75-இன் முகவரி ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண் முறையில்) 48-இல் தொடங்கும், ஏழு பிட். சில லைப்ரரிகள் படிப்பதா எழுதுவதா என்ற பிட்டையும் சேர்த்து அதையே 90 என்று கேட்கும். சென்சார் பதிலே தரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இது. அடுத்தது பைட் வரிசை. டிஎஸ்18பி20 கீழ் பைட்டை முதலில் அனுப்பும், எல்எம்75 மேல் பைட்டை. மாற்றிப் படித்தால் 25 டிகிரி சுமார் 0.1 டிகிரியாகத் தெரியும். கவனியுங்கள், அதுவும் நம்பும்படியான எண்தான்.

எல்எம்75-இன் அமைப்பு ரெஜிஸ்டரில் எனக்குப் பிடித்தது எச்சரிக்கை முனை. வெப்பநிலை மேல் எல்லையைத் தாண்டினால் அது இயங்கும், கீழ் எல்லைக்கு இறங்கினால்தான் அணையும். சும்மா விட்டால் மேல் எல்லை 80, கீழ் எல்லை 75 டிகிரி. 1, 2, 4 அல்லது 6 அளவீடுகள் தொடர்ந்து எல்லை தாண்டினால் மட்டும் எச்சரி என்றும் சொல்லலாம். மைக்ரோகன்ட்ரோலர் உறைந்து நின்றாலும் இந்த முனை தன் வேலையைச் செய்யும். விசிறியையோ மின்துண்டிப்பையோ இதோடு இணைத்துவிட்டால் பாதுகாப்பு மென்பொருளை நம்பி இருக்காது.

டிஎம்பி102 போன்ற சிப்புகளில் தூங்க வைத்து ஒரே ஒரு முறை மட்டும் அளக்கச் சொல்லும் வசதி உண்டு. ஓர் அளவீட்டுக்குச் சுமார் 26 மில்லி வினாடி. அதற்குள் படித்தால் கிடைப்பது 85 போன்ற விசித்திர எண் இல்லை, முந்தைய அளவீடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் கருவியில் இந்தத் தவறு இருந்தால், எல்லா எண்ணும் சரியாகவே தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் பத்து நிமிடம் பழையது. சென்சாரை விரலால் பிடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: சூடு அடுத்த எண்ணில் தெரிய வேண்டும், அதற்கும் அடுத்ததில் அல்ல.

0.0625 டிகிரிப் படி என்பது துல்லியம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டிஎஸ்18பி20-க்கு மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை உறுதி தரப்பட்டிருப்பது கூட்டல் கழித்தல் 0.5 டிகிரி. திரையில் 26.4375 என்று காட்டுவதில் பொருளில்லை. நுண்ணிய படிகள் பயன்படுவது வெப்பநிலை ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று பார்க்கத்தான்.

அந்த அரை டிகிரியும் சிப்பின் வெப்பநிலைக்குத்தான், காற்றின் வெப்பநிலைக்கு அல்ல. சர்க்யூட் பலகையில் ஒட்டிய சின்னச் சிப்புக்கு வெப்பம் பெரும்பாலும் கால்கள் வழியாக, அதிலும் தரை இணைப்பின் செம்பு வழியாக வரும். பக்கத்தில் வோல்டேஜ் ரெகுலேட்டர் இருந்தால் நீங்கள் அளப்பது அதன் சூட்டை. காற்றை அளக்க வேண்டுமானால் சிப்பைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளி, சுற்றிலும் பலகையில் பள்ளம் வெட்டி, செம்புத் தடங்களை மெல்லியதாக விட வேண்டும். சிப் அளக்கும்போது தன்னையும் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளும் என்பதால், ஓயாமல் 12 பிட்டில் அளந்துகொண்டே இருப்பதற்குப் பதில் சில வினாடிகளுக்கு ஒருமுறை அளந்து, இடையில் தூங்க விடுவது காற்றுக்கு நெருக்கமான எண்ணைத் தரும்.