எஸ்எஸ்டிக்கு டிஃபிராக் தேவையா?

"பழைய கம்ப்யூட்டரில் வாரா வாரம் டிஃபிராக் போட்டுப் பழகிவிட்டேன். இப்போது எஸ்எஸ்டி மாற்றியாயிற்று. இதற்கும் போட வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டாம். டிஃபிராக் என்பது டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளைச் சேர்த்து அடுக்கும் வேலை. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும், சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு வேறொரு பராமரிப்பு உண்டு, அது டிஃபிராக்கை விட அழகான சங்கதி.

முதலில் ஹார்டு டிஸ்க். கோப்புகளைச் சேமிப்பதும் அழிப்பதுமாக இருந்தால் தட்டில் அங்கங்கே சின்னச் சின்னக் காலியிடங்கள் உண்டாகும். பெரிய கோப்பு வந்தால் அந்த இடங்களில் துண்டு துண்டாகப் போய் உட்காரும். தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. படிக்கும் முனை வேண்டிய தடத்துக்கு நகரச் சுமார் 8 மில்லிவிநாடி. அப்புறம் வேண்டிய பகுதி சுழன்று முனைக்குக் கீழே வரும்வரை சராசரியாக இன்னொரு 4. ஆக ஒரு தாவலுக்கு 12 மில்லிவிநாடி. 10 எம்பி கோப்பு ஒரே இடத்தில் இருந்தால் பத்தில் ஒரு விநாடியில் படித்துவிடலாம். அதுவே 500 துண்டுகளாகச் சிதறியிருந்தால் தாவுவதற்கே 6 விநாடி போய்விடும். பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கேட்கும் அந்தக் 'கரகர' சத்தம் முனை அலைகிற சத்தம்தான். டிஃபிராக் முடிந்த மறுநாள் அது அடங்கியிருப்பதைக் காதாலேயே கேட்கலாம்.

எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டும் இல்லை, அலைகிற முனையும் இல்லை. துண்டு எங்கே கிடந்தாலும் எடுக்கக் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். அடுக்கி வைப்பதால் லாபம் இல்லை, வீணாக எழுதுவதால் தேய்மானம்தான் மிச்சம்.

சரி, எஸ்எஸ்டி ஏன் மந்தமாகிறது? அது தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகத்தின் விசித்திரமான குணம் ஒன்றுதான் காரணம். அதன் ஒவ்வொரு செல்லிலும், காப்புப் படலம் சூழ்ந்த ஒரு குட்டிச் சிறையில் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கிறோம். எத்தனை அடைபட்டிருக்கின்றன என்பதுதான் தகவல். அடைப்பதைப் பக்கம் பக்கமாகச் செய்யலாம். ஒரு பக்கம் என்பது 16 கேபி அளவில் இருக்கும். வெளியேற்றுவது மட்டும் அப்படி நடக்காது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு முழு பிளாக்குக்கும் சுமார் 20 வோல்ட் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் காலி செய்ய வேண்டும். கேமரா ஃபிளாஷ் போலப் பளிச்சென்று அழிகிறதே என்றுதான் 1980களில் தோஷிபாவில் இதற்கு ஃபிளாஷ் என்று பெயர் வைத்தார்கள். ஃபுஜியோ மசுவோகாவின் கண்டுபிடிப்பு இது.

ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாத சிலேட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால்? எஸ்எஸ்டிக்குள் இருந்து எல்லாவற்றையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலர் சிப் பழைய வரியைத் தொடுவதே இல்லை. புதியதை வேறொரு காலிப் பக்கத்தில் எழுதிவிட்டு, 'இனி இதன் முகவரி இங்கே' என்று தன் குறிப்பேட்டை மாற்றிக்கொள்கிறது. பழையது செல்லாத பக்கமாகக் கிடக்கும். காலிப் பக்கங்கள் குறையும்போது, ஒரு பிளாக்கில் மிச்சமிருக்கும் செல்லுபடியான பக்கங்களை வேறிடத்துக்கு நகல் எடுத்துவிட்டு அந்த பிளாக்கையே அழிக்கும். நாம் சும்மா இருக்கும்போதும் உள்ளே இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் சிக்கல். நீங்கள் ஒரு சினிமாவை டெலீட் செய்தால், விண்டோஸ் தன் பட்டியலில் மட்டும்தான் 'இந்த இடம் காலி' என்று எழுதிக்கொள்கிறது. எஸ்எஸ்டிக்கு அது தெரியாது. நீங்கள் மறந்தே போன அந்தப் படத்தைப் பத்திரமாக பிளாக்குக்கு பிளாக் சுமந்துகொண்டிருக்கும், அதனால்தான் மந்தமாகிறது. இந்த வீண் சுமையைத் தீர்க்க வந்த கட்டளைதான் டிரிம். 'இந்த முகவரிகளில் இருப்பது இனி வேண்டாம்' என்று இயங்குதளம் சொல்கிறது, அவ்வளவுதான். அதைக் கேட்டதும் கன்ட்ரோலர் அந்தப் பக்கங்களை நகல் எடுப்பதை விட்டுவிடுகிறது.

விண்டோஸ் 8 முதல் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' வசதியே டிஸ்க்கின் வகையைப் பார்த்து, ஹார்டு டிஸ்க்குக்கு டிஃபிராக், எஸ்எஸ்டிக்கு டிரிம் என்று வாரம் ஒருமுறை தானே செய்கிறது. அந்த அட்டவணை இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள், கன்ட்ரோலருக்குப் புழங்க இடம் வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: டிரிம் ஆன கோப்பை மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், ஸ்பீடு பூஸ்டர் என்று விற்பவற்றைப் பற்றி என் கருத்து கடுமையானது. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ஏடு. அதில் சில நூறு பழைய பதிவுகளை நீக்குவதால் கம்ப்யூட்டர் வேகமாகும் என்பது மூடநம்பிக்கை. மைக்ரோசாஃப்டே ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை. அந்தப் பணத்தில் பேக்கப்புக்கு ஒரு டிஸ்க் வாங்கலாம்.

இன்னும் ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மெல்ல மெல்ல மந்தமானால் டிஃபிராக் போடலாம். நேற்றுவரை நன்றாக ஓடியது இன்று திடீரென்று திணறினால், படிக்க முடியாத ஒரு பகுதியை முனை திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கலாம். அப்போது டிஃபிராக் போடவே போடாதீர்கள், அது பழுதான தட்டின் மேல் முனையை மணிக்கணக்கில் ஓட்டும். முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அப்புறம் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (பழுதானதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட சிறு பகுதிகளின்) எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.