டிக்கெட்டுக்கு 80ஜி ரசீது எழுதாதீர்கள்

அறக்கட்டளைக்கு நிதி திரட்ட ஓர் இன்னிசைக் கச்சேரி. வாசலில் டிக்கெட், மேடையில் ஸ்பான்சர் பேனர், இடைவேளையில் மைக்கில் பெயர் சொல்லி வாங்கும் நன்கொடை, வெளியேறும் வழியில் உண்டியல். இந்த நான்கும் அன்றிரவு ஒரே பையில் விழுந்து, மறுநாள் ‘கச்சேரி வசூல்’ என்று ஒரே தொகையாக வங்கிக்குப் போகின்றன. மார்ச் முடிந்து கணக்கு எழுதும்போது அதைப் பிரிக்க முடிவதில்லை. பிரிக்காவிட்டால் அறக்கட்டளைக்கும் வரி, நல்ல மனதோடு கொடுத்தவருக்கும் நஷ்டம்.

முதலில் டிக்கெட். பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுப்பதுதான் நன்கொடை. டிக்கெட் வாங்கியவருக்கு இருக்கை கிடைக்கிறது, கச்சேரி கிடைக்கிறது. ஆகவே விலை 500 என்றாலும் 5,000 என்றாலும் அதற்கு 80ஜி ரசீது, அதாவது கொடுத்தவர் தன் வருமான வரியில் கழிவு பெற உதவும் நன்கொடை ரசீது, கிடையாது. ‘நன்கொடையாளர் அனுமதிச் சீட்டு’ என்று அச்சடித்துவிட்டால் தன்மை மாறிவிடாது. கூடுதலாகத் தர விரும்புகிறவருக்கு டிக்கெட் தனி, நன்கொடை ரசீது தனி. ஜிஎஸ்டியில், கச்சேரி, நாடகம் போன்றவற்றுக்கு ஓர் ஆளுக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் விலை வைத்தால், ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டுமா என்று பாருங்கள். ‘எங்களுக்குத்தான் 12ஏபி பதிவு இருக்கிறதே’ என்று பலர் நினைக்கிறார்கள். அறக்கட்டளைக்கு வருமான வரித் துறை தரும் அந்தப் பதிவை வைத்து ஜிஎஸ்டியில் கிடைக்கும் விலக்கு, பட்டியலிட்ட அறப்பணிகளுக்கு மட்டுமே.

அடுத்து ஸ்பான்சர். நம் ஊரில் எந்த மண்டபத்திலும் ஃபேன் இறக்கையிலும் டியூப்லைட்டிலும் ‘உபயம்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்த எழுத்திலேயே விடை இருக்கிறது. ‘உபயம்: இன்னாரின் நினைவாக, குடும்பத்தார்’ என்று இருந்தால் அது நன்றி மட்டுமே. அப்படிப் பெயர் போடுவதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2019 அக்டோபரில் மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கையே விட்டது. அதே இடத்தில் கடைப் பெயர், தொலைபேசி எண், ‘பட்டுப் புடவைகளுக்கு அணுகவும்’ என்று வந்தால் அது விளம்பரம். அந்தப் பணம் நன்கொடை ஆகாது. கடைக்காரர் அதை வியாபாரச் செலவாகக் காட்டிக்கொள்ளலாம், 80ஜி கேட்க முடியாது. பேனர் அடிக்கும் முன்பே இதை அவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

உண்டியலைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் இல்லாத தொகை 115பிபிசி பிரிவின்படி ‘பெயர் தெரியாத நன்கொடை’. முழுக்க முழுக்கச் சமயப் பணிக்கான அறக்கட்டளைக்கு இது பொருந்தாது. ஆண்டின் மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம், இதில் எது அதிகமோ அதற்கு மேற்பட்ட தொகைக்கு 30 சதவீத வரி. மொத்த நன்கொடை 30 லட்சம், உண்டியல் 2,10,000 என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 1,50,000. மீதி 60,000-க்கு வரி 18,000, செஸ் சேர்த்து 18,720. க்யூஆர் அட்டை வழியே வரும் பணத்திலும் பெயர் இருக்கும், முகவரி இருக்காது. அதனால் உண்டியல் பக்கத்திலும் க்யூஆர் அட்டை பக்கத்திலும் பெயர், முகவரி, பான் எண் எழுத இடம் விட்ட காகித உறைகளை அடுக்கி, ஒரு தன்னார்வலரை உட்கார வையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இனி அசல் நன்கொடை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி சலுகை இல்லை. 10,000 ரூபாயை ஐந்து ரசீதாகப் பிரித்து எழுதித் தருவது உதவி அல்ல, கொடுத்தவரைச் சிக்க வைப்பது. அரிசி மூட்டை, புடவை என்று பொருளாகக் கொடுத்தாலும் சலுகை இல்லை. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. 269எஸ்டி பிரிவை மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதிதான் கழிவு, அதுவும் புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்குக் கிடையாது. மைக்கில் ‘முழு வரிவிலக்கு’ என்று அறிவிக்காதீர்கள்.

ரசீது கொடுத்ததோடு வேலை முடியவில்லை. நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் விவரங்களைப் பதிவேற்றி, தளம் உருவாக்கும் 10பிஇ சான்றிதழை அவருக்கு அனுப்ப வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். தாக்கலே செய்யாவிட்டால் 10,000 முதல் 1 லட்சம் வரை தனி அபராதம். பிழை பெரும்பாலும் பான் எண்ணில்தான் வருகிறது. முதல் ஐந்தும் கடைசி ஒன்றும் ஆங்கில எழுத்து, நடுவில் நான்கு இலக்கம். கையெழுத்தில் ‘ஓ’ எழுத்தும் பூஜ்யமும் ஒன்றுபோல் தெரியும். இடத்தை வைத்துச் சரிபாருங்கள். கணவர் கணக்கிலிருந்து பணம் வந்து மனைவி பெயரில் ரசீது கேட்டால் மறுத்துவிடுங்கள். பணம் யாருடையதோ அவர் பெயரில்தான் ரசீது.

(பிரிவு, படிவ எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதலான 2025 வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு. ரசீது புத்தகம் அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.)

செலவிலும் கண் வையுங்கள். பந்தல்காரருக்கோ சவுண்ட் சர்வீஸுக்கோ ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு அறப்பணிக்குச் செலவிட்டதாகக் கணக்கில் சேராது. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காவிட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் வெட்டுப்படும். கச்சேரி முடிந்த கையோடு ‘ரொக்கமா கொடுத்துடுங்க சார்’ என்று கேட்பார்கள். அவர்களது வங்கிக் கணக்கு எண்ணை முன்பணம் கொடுக்கும்போதே வாங்கி வைத்திருந்தால், அந்த இரவிலும் செல்போனிலேயே அனுப்பிவிடலாம்.